குடற்பொத்தலும் உயிர்க்கணக்கும்

அறுவைக் கூடத்தின் கதவு மூடியபின் வெளியே நிற்கும் உறவினர் கேட்கும் கேள்வி ஒன்றே: “பிழைத்துக் கொள்வாரா?” ஊர் எதுவாயினும், மொழி எதுவாயினும் இக் கேள்வி மாறுவதில்லை. முன்னாளில் மருத்துவர் கூறிய விடையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது: “எங்களால் ஆனதைச் செய்கிறோம், பிறகு பார்ப்போம்.” கடந்த நாற்பது ஆண்டுகளில் இக் கேள்விக்கு எண்ணால் விடை கூற முயலும் ஒரு துறை வளர்ந்திருக்கிறது. குடலில் பொத்தல் விழுந்து அவசர அறுவைக்கு உள்ளாகும் நோயாளிகளைப் பற்றிய கணக்கு அதில் ஒரு பகுதி.

நான் புள்ளியியல் பயில்பவன். மருத்துவம் பயின்றவன் அல்லன். ஆகவே மருந்து கூறுவது என் நோக்கமன்று. உயிரைப் பற்றி ஓர் எண் சொல்லப்படும்போது அந்த எண் எங்கிருந்து வருகிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பவற்றை நண்பர்களுக்கு விளக்க முயல்கிறேன்.

பொத்தல் என்பது யாது?

நம் உணவுப் பாதை வாயில் தொடங்கிக் குதத்தில் முடியும் நீண்ட குழாய். அதனுள்ளே அமிலம் உண்டு, பித்தநீர் உண்டு, எண்ணற்ற நுண்ணுயிர்கள் உண்டு. குழாயின் சுவர் இவற்றை அடைத்து வைத்திருக்கும் வரை தீங்கில்லை. சுவரில் ஒரு பொத்தல் விழுமானால், உள்ளிருப்பவை வயிற்றறைக்குள் கசிகின்றன. வயிற்றறையின் உட்புறத்தை மெல்லிய உறை ஒன்று போர்த்தியிருக்கிறது. கசிந்த பொருள் பட்டதும் அந்த உறை அழற்சி கொள்கிறது. முதலில் அமிலத்தின் எரிச்சல், சில மணி நேரத்தில் நுண்ணுயிர்களின் பெருக்கம், பிறகு சீழ். நஞ்சு குருதியிற் கலந்தால் குருதியழுத்தம் வீழ்கிறது. சிறுநீரகமும் நுரையீரலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்கின்றன. வயிற்றில் தொடங்கிய நோய் உடல் முழுவதன் நோயாகிவிடுகிறது.

பொத்தலுக்குக் காரணங்கள் பல. இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் உண்டாகும் புண் முற்றிச் சுவரைத் துளைக்கலாம். இப் புண்ணுக்குப் பெரும்பாலும் ‘ஹெலிக்கோபாக்டர் பைலோரி’ என்னும் நுண்ணுயிரே காரணம் என்று காட்டிய ஆஸ்திரேலியர் இருவர், பாரி மார்ஷலும் ராபின் வாரனும், 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். வலி நீக்கும் மாத்திரைகளுள் ஒரு வகையும் இப் புண்ணை உண்டாக்கும். இபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் அவ் வகையின. டைபாய்டு காய்ச்சல் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் துளைக்கக் கூடும். காய்ச்சலின் மூன்றாம் வாரம் இதற்குப் பெயர் போனது. குடற் காசநோய், குடல்வால் அழற்சி, வயிற்றில் விழும் அடி ஆகியவையும் காரணங்களே. மேலை நாடுகளிலோ பெருங்குடலின் நோய்களால் வரும் பொத்தல் மிகுதி.

மருத்துவம் சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. வயிற்றைத் திறந்து, பொத்தலை அடைத்து அல்லது அப் பகுதியை வெட்டி நீக்கி, வயிற்றறையைக் கழுவி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்க வேண்டும். செருமனியில் ஹாய்ஸ்னர் என்பார் 1892-இல் இரைப்பைப் பொத்தல் ஒன்றைத் தைத்து நோயாளியைப் பிழைக்கச் செய்தார். அதன்பின் மயக்க மருந்தும் குருதியேற்றமும் தீவிர சிகிச்சையும் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆயினும் வயிற்றைத் திறக்கும் அவசர அறுவை இன்றும் ஆபத்து நிறைந்ததே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய அறுவைகள் அனைத்தையும் பதிவு செய்யும் தேசியத் தணிக்கை ஒன்று 2013 இறுதியில் தொடங்கிற்று. அதன் தொடக்க ஆண்டில் 30 நாளுக்குள் இறந்தோர் நூற்றுக்குச் சுமார் 12 பேர். சில ஆண்டுகளில் அது 10-க்குக் கீழே இறங்கிற்று. நாள் குறித்துச் செய்யும் அறுவைகளில் இவ்வளவு பேர் இறந்தால் எந்த மருத்துவ மனையும் பொறுத்துக் கொள்ளாது.

மான்ஹைம் குறியெண்

நூற்றுக்குப் பத்து என்பது சராசரி. நம் கண்முன் கிடக்கும் ஒருவர் அந்தப் பத்தில் ஒருவரா, மற்றத் தொண்ணூற்றில் ஒருவரா? இதை அறியும் முயற்சிகளுள் புகழ் பெற்றது ‘மான்ஹைம் குறியெண்’. மான்ஹைம் செருமனியில் உள்ள ஒரு நகரம். 1963 முதல் 1979 வரை வயிற்றறை உறை அழற்சிக்குச் சிகிச்சை பெற்ற 1253 நோயாளிகளின் பதிவுகளை வாஹா, லிண்டர் முதலிய மருத்துவர்கள் ஆராய்ந்தனர். ஆபத்தைக் காட்டக் கூடும் என்று கருதிய 20 கூறுகளை எடுத்துக்கொண்டு சோதித்ததில் எட்டு மட்டுமே உண்மையில் பயன்பட்டன. 1987-இல் வெளியான அக் குறியெண்ணின் எட்டுக் கூறுகளும் இவை:

1. வயது 50-க்கு மேல் – 5
2. பெண் – 5
3. உறுப்புத் தளர்ச்சி (சிறுநீரகம், நுரையீரல், குருதியோட்டம் போன்றவை) – 7
4. புற்றுநோய் – 4
5. அறுவைக்கு முன் அழற்சி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்திருத்தல் – 4
6. நோயின் தோற்றுவாய் பெருங்குடல் அல்லாத இடம் – 4
7. அழற்சி வயிற்றறை முழுவதும் பரவியிருத்தல் – 6
8. வயிற்றறையில் உள்ள நீர்: தெளிந்தது 0, கலங்கிய சீழ்நீர் 6, மலம் கலந்தது 12

எல்லாவற்றையும் கூட்டினால் உச்ச எண் 47. கூட்டல் தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்கு. ஐரோப்பாவின் மூன்று நாடுகளில் ஏழு மருத்துவ மனைகளைச் சேர்ந்த 2003 நோயாளிகளிடம் இக் கணக்கைச் சோதித்து 1994-இல் முடிவுகளை வெளியிட்டனர். குறியெண் 21-க்குக் கீழ் இருந்தவர்களுள் இறந்தோர் நூற்றுக்கு 2.3, 21 முதல் 29 வரை இருந்தவர்களுள் 22.5; 29-க்கு மேல் இருந்தவர்களுள் 59.1. எட்டே கேள்விகள் மூன்று கூட்டங்களை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டுவது வியப்பன்றோ?

ஒருவருக்கே மூன்று கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இவர் கற்பனை மனிதர்: வயது 58, ஆண், புற்றுநோய் இல்லை, முன்சிறுகுடற் புண்ணில் பொத்தல்.

அவர் எட்டு மணி நேரத்துக்குள் அறுவைக் கூடத்தை அடைந்துவிட்டார் என்க. கசிவு பரவியிருக்கிறது, ஆனால் நீர் இன்னும் சீழாகவில்லை. வயதுக்கு 5, தோற்றுவாய்க்கு 4, பரவலுக்கு 6. ஆகக் குறியெண் 15.

அதே மனிதர் “வாயுப் பிடிப்பு” என்று எண்ணிக் கஷாயம் குடித்து, இரண்டாம் நாள் வருகிறார். 24 மணி நேரம் கடந்ததற்கு 4, சீழுக்கு 6 கூடுகின்றன. குறியெண் 25.

நான்காம் நாள் வருகிறார், சிறுநீர் நின்றுவிட்டது. உறுப்புத் தளர்ச்சிக்கு 7 கூடுகிறது. குறியெண் 32.

மனிதர் ஒருவரே, பொத்தலும் ஒன்றே. முதற் கூட்டத்திலிருந்து மூன்றாம் கூட்டத்துக்கு அவரை நகர்த்தியது காலம்.

இதை மனத்திற் கொண்டு மேற்கண்ட எட்டுக் கூறுகளை மீண்டும் பாருங்கள். வயது, பால், புற்றுநோய், தோற்றுவாய் ஆகிய நான்கும் நோயாளி தம்முடன் கொண்டு வருபவை. பொத்தல் விழுந்தபின் அவற்றை யாராலும் மாற்ற இயலாது. இந்த நான்கின் உச்சக் கூட்டுத்தொகை 18. எஞ்சிய நான்கு, அதாவது கடந்த நேரம், பரவல், நீரின் தன்மை, உறுப்புத் தளர்ச்சி ஆகியவை, பெரும்பாலும் கடிகாரத்தின் வேறு வேறு முகங்களே. இவற்றின் உச்சத் தொகை 29. மாற்ற முடியாத நான்கும் முழுமையாக அமைந்தாலும், அவை மட்டுமே ஒருவரை 21-க்கு மேலே கொண்டு செல்லா. எல்லையைத் தாண்ட வைப்பது மற்ற நான்கே. பெருங்குடல் பொத்தலில் முதல் மணி நேரத்திலேயே மலம் கலந்திருக்கலாம் என்பது உண்மை. ஆகவே இது முற்ற முழுக்கக் காலத்தின் கணக்கு என்று சொல்லிவிட முடியாது. எனினும் இக் குறியெண்ணில் பெரும்பங்கு காலத்துக்கே என்பதை எளிய கூட்டல் காட்டிவிடுகிறது.

இதற்கு வேறு சான்றும் உண்டு. டென்மார்க்கில் இரைப்பை, முன்சிறுகுடற் புண்களில் பொத்தல் விழுந்து அறுவை செய்துகொண்ட 2668 பேரைப் பற்றிய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. மருத்துவ மனையிற் சேர்ந்தபின் அறுவை தள்ளிப்போன ஒவ்வொரு மணி நேரத்துக்கும், முந்திய மணியோடு ஒப்பிடப் பிழைக்கும் வாய்ப்பு 2.4 விழுக்காடு குறைந்ததாக அது கூறிற்று. வெறும் பெருக்கற் கணக்காகக் கொண்டால், 100 என்று தொடங்கிய வாய்ப்பு பத்து மணி நேரத்தில் சுமார் 78-ஆகிவிடும்.

தராசின் குறை

இனிப் புள்ளியியலாரின் ஐயத்துக்கு வருவோம். செருமனியில் பிறந்த கணக்கு இந்தியாவில் அப்படியே பொருந்துமா?

முன்கணிப்பு ஒன்றைச் சோதிக்க இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். முதற் கேள்வி: அது வேறுபடுத்துகிறதா? பிழைத்தவர் ஒருவரையும் இறந்தவர் ஒருவரையும் குருட்டாம்போக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தவருக்கே உயர்ந்த எண் கிடைத்திருக்க வேண்டும். எப்போதும் அப்படியே அமைந்தால் அளவை 1. காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமமாக இருந்தால் அளவை 0.5. இரண்டாம் கேள்வி: அதன் அளவு சரியா? “நூற்றுக்கு இருபது பேர் இறப்பர்” என்று சொல்லப்பட்ட கூட்டத்தில் உண்மையாகவே ஏறத்தாழ இருபது பேர் இறந்தனரா?

இவை இரண்டும் ஒன்றல்ல. மளிகைக் கடைத் தராசு ஒன்று எப்போதும் நூறு கிராம் கூட்டியே காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு மூட்டைகளுள் எது கனமானது என்பதை அது பிழையின்றிச் சொல்லும். மூட்டையின் உண்மையான எடையை மட்டும் தவறாகச் சொல்லும். வேறொரு நாட்டில் உருவான குறியெண்ணுக்கும் இக் குறை வரலாம்.

சண்டிகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவ மனையின் அறுவை மருத்துவர்கள் குடற்பொத்தல் நோயாளிகள் 504 பேரைப் பற்றி 2006-இல் எழுதினர். அவர்களுள் 289 பேருக்கு முன்சிறுகுடற் புண்ணே காரணம். டைபாய்டு 41 பேருக்கு. காசநோய் 20 பேருக்கு. மேலை நாட்டில் மிகுதியாகக் காணும் பெருங்குடற் பொத்தலுக்கு இங்கே இடம் குறைவு. குறியெண்ணின் ஆறாவது கூற்றை இப்போது நினைவு கூருங்கள். பெருங்குடல் அல்லாத தோற்றுவாய்க்கு 4 எண். இந்திய நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் இந்த நான்கைப் பெற்றுக்கொண்டே தொடங்குகின்றனர்! எல்லாருக்கும் கிடைக்கும் எண் எவரையும் வேறுபடுத்தாது; தராசுத் தட்டில் ஒட்டிக்கொண்ட கல்லைப் போல அளவை மட்டும் உயர்த்தும். ஆகவே 21, 29 என்னும் எல்லைகளை இங்குள்ள பதிவுகளைக் கொண்டு சரிபார்க்காமல் பயன்படுத்துவது முறையாகாது.

பெண்ணுக்கு 5 எண் கொடுத்திருப்பதும் சிந்திக்கத் தக்கது. பெண்ணாய்ப் பிறப்பது குடலைப் பலவீனமாக்குகிறது என்பது இதன் பொருளன்று. 1963 முதல் 1979 வரை ஓரிடத்தில் தொகுத்த பதிவுகளில் அப்படி ஒரு தொடர்பு காணப்பட்டது, அவ்வளவே. தொடர்பு வேறு, காரணம் வேறு என்பது புள்ளியியலின் முதற் பாடம். பெண்கள் காலந் தாழ்த்தி மருத்துவ மனைக்குக் கொண்டுவரப்படும் ஊரில் இந்த எண் பெண்ணைப் பற்றியதா, அவளைக் காக்க வைத்தவரைப் பற்றியதா என்று கேட்கத் தோன்றுகிறது.

வேறு கணக்குகள்

மான்ஹைம் குறியெண்ணுக்கு இன்னோர் எல்லையும் உண்டு. வயிற்றறையில் உள்ள நீரின் தன்மை வயிற்றைத் திறந்தபின்பே தெரியும். ஆகவே அறுவைக்குமுன் இக் கணக்கு முழுமை பெறாது. அமெரிக்காவில் 1985-இல் வெளியான ‘அப்பாச்சி இரண்டு’ என்னும் முறை வேறு வழியிற் செல்கிறது. உடல் வெப்பம், குருதியழுத்தம், நாடித்துடிப்பு, மூச்சு, உயிர்வளி, குருதியின் அமிலநிலை, சோடியம், பொட்டாசியம், வெள்ளணுக்கள், நினைவுநிலை முதலிய 12 அளவுகளோடு வயதையும் நாட்பட்ட நோயையும் சேர்த்து 71 வரை எண் கொடுக்கிறது. உடல் எவ்வளவு நிலைகுலைந்திருக்கிறது என்பதை இது நுட்பமாகக் காட்டும். ஆனால் ஆய்வுக்கூட வசதி வேண்டும். 

ஹாங்காங்கில் போயி என்பார் 1987-இல் முன்சிறுகுடற் பொத்தலுக்கென மூன்றே கேள்விகளுக்குள் கணக்கைச் சுருக்கினார்: வேறு கடும் நோய் உண்டா? அறுவைக்கு முன்பே குருதியழுத்தம் வீழ்ந்துவிட்டதா? பொத்தல் விழுந்து 24 மணி நேரம் கடந்துவிட்டதா? ‘ஆம்’ என்ற விடை கூடக் கூட இறப்பு விகிதம் செங்குத்தாக உயர்ந்தது. இங்கும் காலம் தன் இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கூட்டத்தின் எண்ணும் தனி மனிதனும்

“29-க்கு மேல் போனால் நூற்றுக்கு 59 பேர் இறப்பர்” என்பதை எப்படிப் படிப்பது? அதே வாக்கியத்தை “நூற்றுக்கு 41 பேர் வீடு திரும்புவர்” என்றும் படிக்கலாம். தம் எதிரே கிடப்பவர் 59-இல் ஒருவரா, 41-இல் ஒருவரா என்பதை எந்தக் குறியெண்ணும் சொல்லாது. நிகழ்தகவு என்பது கூட்டத்தின் குணம். தனி மனிதன் இருப்பான், அல்லது இறப்பான். அவன் நூற்றில் 59 பங்கு இறப்பதில்லை.

அப்படியானால் இந்த எண்ணால் பயன் என்ன? மூன்று பயன்கள் உண்டு.

முதலாவது, உதவியைப் பங்கிடுதல். நான் முன்னர்க் கூறிய இங்கிலாந்துத் தணிக்கை, இறப்பு வாய்ப்பு 5 விழுக்காட்டை எட்டியவர்களை உயர் ஆபத்தினர் என்று வகுக்கிறது. அவர்களின் அறுவையின்போது மூத்த அறுவை மருத்துவரும் மூத்த மயக்க மருத்துவரும் நேரில் இருக்க வேண்டும். அறுவைக்குப்பின் தீவிர சிகிச்சைப் படுக்கை வேண்டும் என்கிறது. எண் உயர்ந்தால் கவனமும் உயர வேண்டும் என்பதே விதி. எண் உயர்ந்தது என்று கைவிடுவது கணக்கின் பிழையன்று. கணக்கைப் பயன்படுத்துவோரின் பிழை.

இரண்டாவது, உண்மை பேசுதல். உறவினரிடம் பொய்யான நம்பிக்கையும் கூறாமல், பொய்யான அச்சமும் ஊட்டாமல் பேச மருத்துவருக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது.

மூன்றாவது, ஒப்பிடுதல். ஒரு மருத்துவ மனையில் இறப்பு மிகுதி என்றால், அங்கே மருத்துவம் குறையா, அல்லது வருவோரே முற்றிய நிலையில் வருகின்றனரா? ஆபத்தின் அளவைக் கணக்கிலெடுக்காமல் இதற்கு விடை கூறுவது அநீதியாகும். கடினமான நோயாளிகளை ஏற்றுக்கொள்ளும் அரசு மருத்துவ மனை கெட்ட பெயர் எடுக்கும். அவர்களைத் திருப்பி அனுப்பும் இடம் நல்ல பெயர் எடுக்கும்.

நம் கையில் உள்ளது

சண்டிகர் ஆய்வில் மற்றோர் எண்ணும் உண்டு. நோயாளிகளுள் 53 விழுக்காட்டினர் காலந் தாழ்த்தியே சிகிச்சைக்கு வந்தனர். அப்படியிருந்தும் மொத்தத்தில் நூற்றுக்குப் பத்துப் பேரே இறந்தனர் என்பது அம் மருத்துவர்களின் திறமைக்குச் சான்று. ஆனால் அந்த 53 என்னும் எண் அறுவைக் கூடத்தில் உண்டாவதில்லை. அது வீட்டில், பட்டறையில், மாணவர் விடுதியில் உண்டாகிறது.

விடுதி அறையில் நம்மில் ஒருவருக்குத் திடீரெனக் கடும் வயிற்றுவலி வரலாம். அசைந்தால் வலி மிகுகிறது, வயிறு பலகைபோல் இறுகுகிறது, உடன் வாந்தியோ காய்ச்சலோ வருகிறது என்றால், “தேர்வு முடியட்டும்” என்றோ “ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்றோ காத்திருத்தல் ஆகாது. வலி மாத்திரையை மேன்மேலும் விழுங்குதலும், பேதி மருந்து கொடுத்தலும், சாப்பிட வற்புறுத்துதலும் தீது. 112-ஐயோ 108-ஐயோ அழைத்து, அறுவை வசதியுள்ள மருத்துவ மனைக்கு நேரே செல்ல வேண்டும். அங்கே நிற்க வைத்து எடுக்கும் மார்பு எக்ஸ்-ரே படத்தில் உதரவிதானத்தின் கீழே காற்று தெரிந்தால், பொத்தல் இருப்பது பெரும்பாலும் உறுதியாகிவிடும்.

வடநாட்டில் வாழும் தமிழராகிய நமக்கு மேலும் ஒரு கடமை உண்டு. குறியெண்ணின் ஐந்தாவது கூறு எந்தக் கருவியாலும் அளக்கப்படுவதன்று. “வலி எப்போது தொடங்கியது?” என்ற கேள்விக்கு நோயாளி சொல்லும் விடையே அதன் அளவு. கட்டட வேலைக்கோ தொழிற்சாலை வேலைக்கோ வந்த தமிழர் ஒருவர் இந்தி தெரியாமல் அவசரப் பிரிவில் கிடந்தால், அந்த விடை மருத்துவரைச் சென்று சேராது. எத்தனை நாளாகக் காய்ச்சல், என்ன மாத்திரை தின்றார், எத்தனை மணிக்கு வலி கண்டது என்ற மூன்றையும் மொழிபெயர்த்துச் சொல்ல மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. இரு மொழியும் சிறிது நேரமும் போதும். விருப்பமுள்ள உறுப்பினர்களின் தொலைபேசி எண்களை அவர்கள் இசைவோடு தொகுத்து, அருகிலுள்ள அரசு மருத்துவ மனையின் சமூகப் பணியாளரிடம் நம் சங்கம் கொடுத்து வைக்கலாம். செயற்குழு இதைக் கருதுமாறு வேண்டுகிறேன்.

வயதைக் குறைக்க யாராலும் இயலாது. நோயின் தோற்றுவாயை மாற்றவும் இயலாது. காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க மட்டும் மருத்துவர் அல்லாதவராலும் இயலும். அந்தக் கணக்கில் நமக்கும் பங்கு உண்டு.